‘லாக்’ விழவில்லையா? எலெக்ட்ரிக் டிஃப் லாக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

ராஜபாளையத்திலிருந்து மேற்கே மலை அடிவாரத் தோப்புகளுக்குப் போகும் பாதைகளை நல்ல சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் மணல் ஓடை குறுக்கிடும். மழை பெய்தால் செம்மண் வழுக்கும். ஊருக்குக் கிழக்கே போனால் கரிசல் காடு. அங்கே மழைக்குப் பிறகு மண் டயரில் அப்பிக்கொண்டு, டயர் பட்டன்களையே மூடிவிடும். இந்த இரண்டு நிலத்திலும் ஓட்டுவதற்காகத்தான் பலர் ‘ஃபோர் வீல்’ வண்டி வாங்குகிறார்கள். அதிலும் இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் பின் சக்கரங்கள் இரண்டையும் பூட்டும் ‘எலெக்ட்ரிக் டிஃப் லாக்’ வந்துவிட்டது.

வாங்கும்போது எல்லாரும் விசாரிக்கும் வசதி இது. ஆனால் ஒருநாள் ஓடையில் சக்கரம் சுற்றும்போது பட்டனை அழுத்தினால் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். வண்டி நகராது. அப்போதுதான் கேள்வி வரும்: லாக் போய்விட்டதா, வயர் போய்விட்டதா, அல்லது ஓட்டுகிறவர் செய்த தவறா?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாவிட்டால் இழப்பு பெரிது. சில நிமிடத்தில் சரியாகும் கப்ளர் கோளாறுக்காகப் பின் ஆக்சிலையே பிரித்துப்போடும் பட்டறைகளும் உண்டு. ஆக்சிலுக்குள் உண்மையில் பல் தேய்ந்திருக்க, ஃபியூஸை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. அடிவாரத் தோப்புகளில் இருட்டிய பிறகு யானை நடமாட்டம் இருக்கும் பகுதியில் வண்டி சிக்கினால், அது பணம் சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் அல்ல.

டிஃப்ரன்ஷியல் எதற்கு?

மாட்டு வண்டிக்கு டிஃப்ரன்ஷியல் கிடையாது. தேவையும் இல்லை. அதன் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியாகச் சுழல்கின்றன. மோட்டார் வண்டியில் அப்படி இல்லை. எஞ்சின் இரண்டு சக்கரங்களையும் தள்ள வேண்டும். அதே நேரம் வளைவில் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றவும் வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதி முனையில் ஒரு கார் செங்குத்தாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இடைவெளி இருந்தால், அந்த ஒரே திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் 2.35 மீட்டர் அதிகமாக ஓடியாக வேண்டும். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒரு டயர் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். இதைத் தவிர்க்கவே டிஃப்ரன்ஷியல். பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் 1827-இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய வண்டிகளிலும் அடிப்படை அதுதான்.

இதில் ஒரு குறை உண்டு. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பில்லாமல் சுற்றினால் அந்தப் பக்கம் விசை கிட்டத்தட்ட இல்லை. அப்படியானால் நல்ல தரையில் நிற்கும் மறுபக்கச் சக்கரத்துக்கும் அதே ‘கிட்டத்தட்ட இல்லை’தான் கிடைக்கும். ஒரு சக்கரம் சும்மா சுற்ற, இன்னொன்று அசையாமல் நிற்பது இதனால்தான்.

விவசாயிகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டிராக்டரில் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் ‘டிஃப்ரன்ஷியல் லாக்’ பெடல் இதற்காகத்தான் இருக்கிறது. உழும்போது ஒரு டயர் ஸ்லிப் ஆனால் பெடலை மிதிப்பார்கள். இரண்டு டயரும் ஒன்றாகச் சுற்றி வண்டி வெளியே வரும். வரப்பில் திருப்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவார்கள். எஸ்யூவியின் எலெக்ட்ரிக் டிஃப் லாக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. காலுக்குப் பதில் மின்சாரம், அவ்வளவுதான்.

எந்த வண்டியில் எந்த லாக்?

பழுது பார்ப்பதற்கு முன் வண்டியில் எந்த வகை லாக் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

மெக்கானிக்கல் லாக்: 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டியில் பின் ஆக்சிலுக்கு இந்த வகை கொடுக்கப்பட்டது. பொலேரோ நியோவின் உயர்ரக மாடலிலும் உண்டு. இதில் பட்டனும் இல்லை, வயரும் இல்லை. இரண்டு சக்கரங்களுக்கும் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால், உள்ளே இருக்கும் எடைக்கட்டை விரிந்து தானாகவே பூட்டிக்கொள்ளும். ‘பட்டனே இல்லையே, லாக் வேலை செய்யலையே’ என்று இந்த வண்டிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்.

லீவர் லாக்: ஃபோர்ஸ் கூர்க்காவில் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுக்கும் லாக் உண்டு. ஓட்டுநர் கையால் லீவரை இழுத்துப் போடுகிறார்.

எலெக்ட்ரிக் லாக்: 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸின் நான்கு சக்கர இயக்க மாடலில் பின்பக்கம் எலெக்ட்ரானிக் லாக் உள்ளது. டொயோட்டா ஹைலக்ஸிலும் பின்பக்கம் உண்டு. ஜீப் ராங்ளர் ரூபிகானில் முன்னும் பின்னும் உண்டு.

எலெக்ட்ரிக் லாக்கிலேயே இரண்டு வகை இருக்கிறது. முதல் வகையில் ஆக்சில் ஹவுசிங்கின் வெளியே ஒரு சிறு மோட்டார் இருக்கும். அது ஒரு ஃபோர்க்கை நகர்த்தி, பல் வைத்த வளையத்தைக் கோர்த்துவிடும். 1990-இல் வந்த டொயோட்டா லேண்ட் குரூஸர் 80 வரிசையில் பிரபலமானது இது. இரண்டாவது வகையில் டிஃப்ரன்ஷியலுக்குப் பக்கத்திலேயே ஒரு மின்காந்தச் சுருள், அதாவது காயில் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் காந்தம் இழுத்துப் பூட்டும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் பழையபடி விடுவிக்கும்.

இந்த வித்தியாசம் முக்கியம். காயில் வகையில் வயர் அறுந்தால் லாக் விழாது, அவ்வளவுதான். மோட்டார் வகையில் லாக் விழுந்திருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால், லாக் விழுந்தபடியே நின்றுவிடலாம். இரண்டாவது நிலைமைதான் தார்ச் சாலையில் ஆபத்து.

இது கோளாறுதானா?

பட்டறைக்கு வரும் புகார்களில் ஒரு பகுதி கோளாறே அல்ல. “அண்ணே, பட்டனை அமுக்கினா லைட்டு மினுக்கிக்கிட்டே இருக்கு, லாக் விழ மாட்டேங்குது” என்று ஒருவர் வந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் ஜாக்கியை எடுப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்பார். “தம்பி, லோ ரேஞ்சுல போட்டீங்களா? வண்டி நகர்ந்துச்சா, இல்ல நிக்கவச்சே அமுக்கினீங்களா? ஸ்டீயரிங் திரும்பி இருந்துச்சா?”

காரணம் இருக்கிறது. பல வண்டிகளில் ‘4எல்’ எனப்படும் லோ ரேஞ்சில் போட்டால்தான் டிஃப் லாக்குக்கு அனுமதி. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். இவை வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் எழுதியிருக்கும்.

அடுத்தது பல் பொருந்தும் விஷயம். லாக் என்பது ஒரு பல் இன்னொரு பல்லின் இடுக்கில் போய் உட்காருவது. பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் உள்ளே போகாது. விளக்கு மினுக்கினால் ‘உத்தரவு வந்துவிட்டது, பல் இன்னும் பொருந்தவில்லை’ என்று அர்த்தம். வண்டியை ஆள் நடக்கும் வேகத்தில் ஓரிரு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டினால் பல் பொருந்தும். விளக்கு நிலையாக எரியும்.

ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் பட்டனை அழுத்தக் கூடாது. சுற்றுகிற பல்லை நிற்கிற பல்லோடு மோதவிட்டால் முனை மழுங்கும். அதன் பிறகு அது உண்மையான கோளாறு. ஓடையில் இறங்குவதற்கு முன்பே லாக்கைப் போட்டுவிட்டு இறங்குவதுதான் முறை.

லாக் விழுந்ததும் சில வண்டிகளில் ஏபிஎஸ் விளக்கு எரியும். பூட்டிய சக்கரங்களில் ஏபிஎஸ் சரியாக வேலை செய்ய முடியாது என்பதால் கணினி அதை நிறுத்திவைக்கிறது. லாக்கை எடுத்ததும் விளக்கு அணைந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

முதல் சோதனை: ஜாக்கியும் கையும்

எல்லா நிபந்தனையும் சரியாக இருந்தும் லாக் விழவில்லை என்றால், கோளாறு மின்சாரத்திலா இரும்பிலா என்று பிரிக்க வேண்டும். விளக்கை நம்பக் கூடாது. லாக் சரியாக விழுந்தும், அதைச் சொல்ல வேண்டிய சென்ஸார் கெட்டிருந்தால் விளக்கு மினுக்கும். சக்கரத்தைக் கேட்டால் உண்மை தெரியும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுக்க வேண்டும். பின் ஆக்சிலைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பிறகு 4எல்லில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். முன் சக்கரங்கள் தரையில் முட்டுக் கொடுக்கப்பட்டிருப்பதால் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றாது.

இப்போது லாக் போடாமல் ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால், மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். டிஃப்ரன்ஷியல் நல்லபடி இருக்கிறது என்று பொருள். அடுத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, லாக் பட்டனை அழுத்தி, ஒருவர் சக்கரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும். லாக் விழுந்தால் ‘டக்’ என்று பிடித்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். இலேசான ஆட்டம் மட்டும் இருக்கும். பிடிக்காமல் தொடர்ந்து எதிர்த்திசையிலேயே சுற்றினால் லாக் விழவில்லை.

சக்கரம் பிடித்துக்கொண்டும் விளக்கு மினுக்கினால் கோளாறு பொசிஷன் ஸ்விட்சில் அல்லது அதன் வயரில். எஞ்சின் ஓடினால்தான் லாக்குக்கு மின்சாரம் போகும் என்ற வகை வண்டியாக இருந்தால், இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். தூக்கி நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓட்டி, தவறிக் கியர் விழுந்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கி ஓடிவிடும்.

இரண்டாவது சோதனை: மின்சாரம் போய்ச் சேர்கிறதா?

பட்டனை அழுத்தும்போது வண்டிக்கு அடியில் சத்தமே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ். பிறகு ரிலே. அதே அளவுள்ள வேறொரு ரிலேயை மாற்றிப்போட்டுப் பார்ப்பது பட்டறைகளில் வழக்கம். மாற்றும்போது கால்களின் அமைப்பும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு அடுத்தது கப்ளர். எலெக்ட்ரிக் லாக் கோளாறுகளில் இது பெரிய இடம் பிடிக்கிறது. காரணம், அது இருக்கும் இடம். ஆக்சில் மீது, டயர் வாரி அடிக்கும் சேற்றுக்கு நேர் எதிரே இருக்கிறது. கரிசல் மண் ஈரத்தில் உள்ளே புகுந்து, காய்ந்தால் சிமெண்டு போல இறுகிவிடும். பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவும்போது ரப்பர் சீல் ஓரமாகத் தண்ணீர் நுழையும். கொஞ்ச நாளில் பின்னில் பச்சை பூக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். ‘கரண்ட் வருது, காயில்தான் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். காயிலின் மின்தடை 4 ஓம் என்றால், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓட வேண்டும். கப்ளரில் பூத்த பச்சை 2 ஓம் கூடுதல் தடையைச் சேர்த்தால், மொத்தம் 6 ஓம். ஓடுவது 2 ஆம்பியர்தான். காயிலுக்குக் கிடைப்பது 8 வோல்ட் மட்டுமே. காந்தம் பல்லை இழுக்கும் பலத்தை இழந்துவிடும். ஆனால் கப்ளரைக் கழற்றி வைத்து அளக்கும்போது மின்சாரம் ஓடாததால் மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும்.

ஆகவே கப்ளரை மாட்டிய நிலையில், லாக் போட்ட நிலையில் அளக்க வேண்டும். பேட்டரியில் இருக்கும் வோல்ட்டுக்கும் காயிலில் கிடைக்கும் வோல்ட்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. அதேபோல காயிலின் எர்த் பக்கத்துக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையிலும் அளக்க வேண்டும். பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் இண்டிகேட்டர் பல்பில் செய்த டெஸ்ட் லேம்பை இன்னும் வைத்திருப்பது சும்மா அல்ல. 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். வழியில் தடை இருந்தால் பல்பு மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கவனிக்க வேண்டிய இன்னும் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று, பாடியிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் வயர். ஆக்சில் ஏறி இறங்கும்போதெல்லாம் இது வளைகிறது. மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். பள்ளத்தில் மட்டும் லாக் விட்டுவிட்டு வேலை செய்தால் இதைச் சந்தேகிக்கலாம். இரண்டு, எலி. தோப்பு வீட்டில் நாள் கணக்கில் நிற்கும் வண்டியின் வயரை எலி கடிப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. மூன்று, கூடுதல் விளக்கு, ஹாரன் மாட்டும்போது கைக்குக் கிடைத்த வயரை உரித்து எடுத்த கனெக்‌ஷன்கள்.

வயர் எல்லாம் சரி என்றால், கப்ளரைக் கழற்றிக் காயிலின் மின்தடையை அளக்கலாம். சில ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. மீட்டர் எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. ஒரு முனைக்கும் ஹவுசிங்குக்கும் இடையே தொடர்பு காட்டினால், சில மாடல்களில் அது இயல்பு, மற்றவற்றில் ஷார்ட். சரியான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மோட்டார் வகையில் நேரடியாகப் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துச் சோதிக்க ஆசைப்படுவார்கள். அதன் உள்ளே மோட்டார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஸ்விட்சுகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி மின்சாரம் கொடுத்தால் மோட்டார் எல்லையைக் கடந்து ஓடி, உள்ளே உள்ள பிளாஸ்டிக், பித்தளைப் பற்கள் உடையலாம். எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்று தெரியாமல் இதைச் செய்ய வேண்டாம்.

கணினியே தடுக்கிறதா?

புதிய வண்டிகளில் பட்டன் நேராக லாக்குக்குப் போவதில்லை. பட்டன் ஒரு கணினியிடம் கேட்கிறது. அந்தக் கணினி வேகம், கியர் நிலை, ரேஞ்சு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அனுமதி தருகிறது. ஒரு சக்கரத்தின் வேக சென்ஸாரில் சேறு அடைத்திருந்தாலோ, டிரான்ஸ்ஃபர் கேஸ் ‘4எல்’லில் விழுந்ததைச் சொல்லும் ஸ்விட்ச் கெட்டிருந்தாலோ, கணினி லாக்கைப் போட மறுக்கும். லாக்கில் குறையே இருக்காது.

சக்கரங்களின் அளவு மாறினாலும் இதே தொல்லை வரும். மூன்று டயர் தேய்ந்திருக்க ஒன்று மட்டும் புதிது என்றால், நேராக ஓடும்போதே சக்கர வேகம் வேறுபடும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் தேவை. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஓபிடி கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டுமே காட்டும். நான்கு சக்கர இயக்கத்துக்கான கணினியையும் ஏபிஎஸ் கணினியையும் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கிறாரா என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கோடை அழிப்பதற்கு முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் தடயம் போய்விடும்.

ஆயில் சொல்லும் கதை

மின்சாரம் எல்லாம் சரி, லாக் மட்டும் விழவில்லை, அல்லது விழுந்து நழுவுகிறது என்றால் அடுத்து ஆக்சிலின் கியர் ஆயிலைப் பார்க்க வேண்டும். முதலில் ஆயில் ஊற்றும் மேல் பிளக்கைக் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்துக் கழலாமல் போனால், கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்துவிட்ட பிறகு மறுபடி ஊற்ற வழி இருக்காது.

பால்கோவா ஊரில் பால் நிறம் நல்லதுதான். கியர் ஆயிலில் அது கூடாது. ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்தப் பிளக்கில் மாவு போல நைசான இரும்புத் தூள் இருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் தட்டுப்படும் செதிலோ, உடைந்த பல் துண்டோ இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? ஆக்சில் ஹவுசிங்கில் பிரீதர் என்ற மூச்சுக் குழாய் ஒன்று இருக்கிறது. நீண்ட தூரம் ஓடிய ஆக்சில் சூடாக இருக்கும். அது 80 டிகிரியில் இருக்கும்போது ஓடைத் தண்ணீரில் இறங்கி 30 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 14 சதவீதம் குறையும். பிரீதர் திறந்திருந்தால் அதன் வழியாகக் காற்று வந்து சரிசெய்யும். பிரீதர் சேற்றால் அடைத்திருந்தால் ஆயில் சீல் ஓரத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். அந்தத் தண்ணீர் காயிலுக்கும், ஃபோர்க்குக்கும், பேரிங்குக்கும் துருவைக் கொண்டுபோகும். லாக் மோட்டார் உள்ளேயே துருப்பிடித்து இறுகிப்போவதற்கும் இதுவே முக்கியமான வழி.

மழைக்காலம் முடிந்ததும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. ஓடையில் அடிக்கடி இறங்கும் வண்டிகளில் அந்தக் குழாயை நீட்டி எஞ்சின் அறையின் உயரம் வரை கொண்டுபோய் வைப்பார்கள். ஆயிலைப் பொறுத்தவரை ஜிஎல்-5 தரம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அடர்த்தியும் தரமும் கையேட்டில் எழுதியபடி இருக்க வேண்டும்.

எடுத்த லாக் விடவில்லை என்றால்?

லாக் விழாததைவிட விடாததுதான் ஆபத்து. பட்டனை அணைத்த பிறகும் தார்ச் சாலையில் திரும்பும்போது டயர் கிறீச்சிடுகிறது, ஸ்டீயரிங் நேராகவே போகப் பார்க்கிறது, பின்னால் ‘டங்’ என்று தட்டும் சத்தம் வருகிறது என்றால் லாக் இன்னும் விழுந்தே இருக்கிறது. திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் அப்படியே போனால், ஈரமான வளைவில் பின்பக்கம் வழுக்கிவிடும். ஆக்சில் ஷாஃப்டும் முறியலாம்.

பெரும்பாலும் காரணம் எளிது. இரண்டு பக்கமும் முறுக்கு ஏறிப் பற்களை இறுகப் பிடித்திருக்கும். வண்டியை மண் தரைக்குக் கொண்டுவந்து, பட்டனை அணைத்து, நேராக ஒரு வண்டி நீளம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லாக் விட்டுவிடும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பியும் பார்க்கலாம். அதற்கும் விடாவிட்டால், காயில் வகையில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கலாம். ஃபியூஸ் எடுத்ததும் விட்டுவிட்டால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போதும் விடாவிட்டால் உள்ளே இரும்புக் கோளாறு. வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆக்சிலைப் பிரிப்பது எப்போது?

ஃபியூஸ், ரிலே, கப்ளர், வயர், சென்ஸார், மோட்டார், ஆயில் ஆகிய ஏழும் பார்த்த பிறகே டிஃப்ரன்ஷியலைப் பிரிக்க வேண்டும். பிரிப்பது கடினமல்ல. திரும்பச் சேர்ப்பதுதான் கடினம். கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் இருக்கும். அதை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பல்லில் மை தடவி, இரண்டும் எந்த இடத்தில் உரசுகின்றன என்று பார்க்க வேண்டும். பேரிங் இறுக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். கண் அளவில் இறுக்கினால் வண்டி ஊளையிட ஆரம்பிக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் போய்விடும்.

அதனால் வேலையை ஒப்படைக்கும் முன் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. எந்தச் சோதனையில் என்ன அளவு கிடைத்தது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் வெளியே வயரை வெட்டினால் அந்த வாரண்டியை நிறுவனம் மறுக்கலாம். சேவைக் குறைபாடு என்று தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே போனால் முதலில் கேட்பது பில்லும் ஜாப் கார்டும்தான்.

பாதி வழியில் லாக் கைவிட்டால்?

சிக்கிய இடத்தில் பழுது பார்க்க முடியாது. வெளியே வரத்தான் வழி தேட வேண்டும். டயர் காற்றை 30 பிஎஸ்ஐயிலிருந்து 18-20 வரை குறைத்தால் மணலில் பிடிப்பு கூடும். தார்ச் சாலைக்கு வந்ததும் மெதுவாக ஓட்டிப்போய்க் காற்று நிரப்ப வேண்டும். சக்கரத்துக்கு முன் மண்ணைத் தோண்டிச் சரிவாக்கி, தென்னை மட்டையையும் கல்லையும் போடலாம். ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் கொடுத்தபடி பிரேக்கை இலேசாக மிதித்தால், சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தடை உண்டாகி மறுபக்கத்துக்கும் கொஞ்சம் விசை போகும். பல புதிய வண்டிகளில் இந்த வேலையைக் கணினியே ஒரு பக்கத்துப் பிரேக்கை மட்டும் பிடித்துச் செய்கிறது.

டிராக்டரை வரவழைத்தால், இழுக்கும் கயிற்றை வண்டியின் டோ ஹூக்கில் மட்டும் மாட்ட வேண்டும். பம்பரிலோ, ஆக்சிலிலோ, டிஃப் லாக் மோட்டார் இருக்கும் பக்கத்திலோ சுற்றக் கூடாது. இழுக்கும்போது யாரும் கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. அறுந்து திரும்பி அடிக்கும் சங்கிலி உயிரை எடுக்கும்.

லாக் இருந்தாலும் இறங்கக் கூடாத இடங்கள் இருக்கின்றன. மலையில் மழை பெய்தால் அடிவார ஓடைகளில் காட்டாற்று வெள்ளம் சொல்லாமல் வரும். தண்ணீர் வண்டியைத் தூக்கிவிட்டால் எந்தச் சக்கரம் பூட்டியிருந்தும் பயனில்லை. செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் பக்கத்து மலைக்காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் வண்டி ஓட்டுவது குற்றம். ‘ஆஃப் ரோடு’ பழகுவதற்குச் சொந்தத் தோப்பும் பட்டா நிலமும் போதும்.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம்

எலெக்ட்ரிக் லாக் கெட்டுப்போக இன்னொரு காரணம், அதை யாரும் பயன்படுத்தாதது. வருடம் முழுக்கத் தொடாமல் வைத்துவிட்டு, மழை நாளில் முதல்முறையாக அழுத்தினால் ஃபோர்க் துருவில் இறுகிப்போயிருக்கலாம். மாதம் ஒருமுறை, மண் தரையில், நேராக, மெதுவாக ஓட்டியபடி லாக்கைப் போட்டு எடுங்கள். எத்தனை நொடியில் விளக்கு நிலைக்கிறது, எத்தனை நொடியில் அணைகிறது என்று கவனியுங்கள். வழக்கத்தைவிட நேரம் கூடினால் அதுதான் முதல் எச்சரிக்கை.

அதோடு கப்ளரை ஒருமுறை கழற்றித் துடைத்து, மின்இணைப்புக்கான கிரீஸ் தடவி, ‘கிளிக்’ என்று மாட்டுங்கள். பிரீதரை ஊதிப் பாருங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஆக்சில் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். இவ்வளவும் செய்த வண்டியில் விளக்கு மினுக்கினால், பெரும்பாலும் பல் பொருந்தக் காத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இரண்டடி நகர்த்திப் பாருங்கள்.